முதுகைப் பார்த்து வாங்குங்கள்

கழக்கூட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை டெக்னோபார்க்கில், குடியிருப்பது நான்காவது மாடி வாடகை ஃபிளாட்டில். ஷார்ஜாவில் இருந்த மாமா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்று இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு 'பெட்டி ஹோம் தியேட்டர்' இருந்தது. அதன் டி.வி.டி. பிளேயர் உயிரை விட்டுவிட, ஐந்து குட்டி ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் அநாதையாக நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பாட வைக்க ஒரு ரிசீவர் வேண்டும். கையில் இருப்பது ரூ.60,000. கடைக்காரரோ "சேனலுக்கு 165 வாட், ஏழு சேனல், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். அதுவும் முதலில் பார்க்க வேண்டியது கடையில் மினுக்கும் ரிசீவரின் முகத்தை அல்ல, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரின் முதுகை.

ரிசீவர் என்ற பெயரிலேயே பலருக்குக் குழப்பம். ஆம்ப்ளிஃபயரோடு ரேடியோ வாங்கியையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்ற காலத்துப் பெயர் அது. ரேடியோ பகுதியை இன்று யாரும் தொடுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய ரிசீவர் செய்யும் வேலைகள் மூன்று. டி.வி.யிலிருந்தோ பிளேயரிலிருந்தோ வரும் டால்பி, டி.டி.எஸ். ஒலியைப் பிரித்து எது முன்னால், எது பின்னால் என்று பங்கு வைப்பது ஒன்று. அறைக்கேற்ப சத்தத்தைத் திருத்துவது இரண்டாவது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஓட்டத் தேவையான மின்சாரத்தைத் தருவது மூன்றாவது. முதல் இரண்டும் சிப் வேலை. விலை குறைந்த ரிசீவரிலும் இன்று நன்றாகவே நடக்கின்றன. மூன்றாவதுதான் இரும்பும் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பழைய வேலை. காசு அங்கேதான் போகிறது. ஏமாற்றமும் அங்கேதான்.

தியேட்டர் சத்தம் நம் காதுக்குப் பழகியது அப்படியொன்றும் நெடுங்காலத்துக்கு முன்பல்ல. 1986-ல் 'மாவீரன்' 70 எம்.எம்.மில் வந்தபோது ஸ்டீரியோ என்பதே திருவிழா. 'குருதிப்புனல்' 1995-ல் டால்பியோடு வந்தது. அடுத்த ஆண்டே 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். என்று விளம்பரம் செய்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி' தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி அட்மாஸில் வந்தது. இப்போது அதே அட்மாஸ் ஓ.டி.டி. வழியாக வரவேற்பறைக்கே வருகிறது. தம்பானூர் ஏரீஸ்பிளெக்ஸில் கேட்ட சத்தம் கழக்கூட்டம் ஹாலிலும் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதில் தப்பில்லை. ஆனால் தியேட்டருக்கும் ஹாலுக்கும் உள்ள முக்கிய வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வீட்டில் நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து ஒன்பதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி முதுகுக்கு வருவோம். நண்பரின் மாமா ஸ்பீக்கரின் பின்பக்கத் தகட்டில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கின்றன: 4 ஓம், 87 டெசிபல், 150 வாட். இந்த மூன்றில் எல்லோரும் முதலில் படிப்பது கடைசி எண்ணை. மூன்றில் மிகக் குறைந்த பயன் உள்ளதும் அதுதான். 150 வாட் என்பது ஸ்பீக்கர் தாங்கும் அளவு. அது கேட்கும் அளவு அல்ல. லாரியில் பத்து டன் என்று எழுதியிருந்தால் தினமும் பத்து டன் ஏற்றியாக வேண்டும் என்று அர்த்தமா?

டெசிபல் எண் உருப்படியானது. ஒரு குறிப்பிட்ட அளவு மின் அழுத்தம் (2.83 வோல்ட் என்பது வழக்கம்) கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்று அது சொல்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த 2.83 வோல்ட் சரியாக ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். அதாவது 4 ஓம் ஸ்பீக்கர் 87 டெசிபல் காட்டினால், வாட் கணக்கில் அது உண்மையில் 84-தான். இந்தச் சின்ன வித்தையைப் பல விளம்பரங்கள் வெளியே சொல்வதில்லை.

இதில் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூட, அதாவது காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, வாட் பத்து மடங்காக வேண்டும். 80 வாட் ரிசீவருக்குப் பதில் 160 வாட் ரிசீவர் வாங்கினால் கிடைப்பது இரண்டு மடங்கு சத்தமல்ல. வெறும் 3 டெசிபல். ரிமோட்டில் வால்யூம் பொத்தானைச் சில முறை அழுத்தினால் வரும் வித்தியாசம். அதற்காகக் கூடுதலாக முப்பதாயிரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நண்பரின் ஹாலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அறை 12-க்கு 14 அடி. சோபா ஒன்பதடி தூரத்தில். தூரத்தால் குறையும் சத்தத்தையும், சுவர்கள் திருப்பித் தருவதையும், ஸ்பீக்கர் இரண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பீக்கர் ஒன்றுக்கு இரண்டு வாட் கொடுத்தாலே சோபாவில் சுமார் 84 டெசிபல் கிடைக்கும். இது வீட்டில் படம் பார்க்க வேண்டியதைவிடவே அதிகம். சாதாரணமாகப் பேச்சும் பாட்டும் கேட்கும் 78 டெசிபலுக்கு அரை வாட் போதும். ஆமாம், அரை வாட். குண்டு வெடிக்கும் ஒரு நொடிக்கு 100 டெசிபல் வேண்டும் என்றால் சுமார் 70, 80 வாட் கேட்கும். அந்த ஒரு நொடியைத் தவிர மிச்ச நேரமெல்லாம் ரிசீவர் தன் சக்தியில் நூறில் ஒரு பங்கைக்கூடச் செலவு செய்யாமல் சும்மா இருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? தகட்டின் முதல் எண்ணில். 4 ஓம்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயின் குறுகல் ஓம். 8 ஓம் என்பது ஒடுங்கிய குழாய், தண்ணீர் அளவாகப் போகும். 4 ஓம் என்பது அகலக் குழாய், அதே உயரத்திலிருந்து இரண்டு மடங்கு தண்ணீர் கொட்டும். குழாய் திறந்திருக்கும்வரை தொட்டி தண்ணீர் தந்தாக வேண்டும். தராவிட்டால் அழுத்தம் விழும். ஆம்ப்ளிஃபயரில் இதற்குப் பெயர் கரன்ட் போதாமை. மேலே சொன்ன அந்த 100 டெசிபல் நொடிக்கு 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சத்தத்தின் உச்சத்தில் ஆறு வரை போகும். போதாக்குறைக்கு, தகட்டில் உள்ள 4 என்பது சராசரிதான். சில சுருதிகளில் அது 3 ஓமுக்கும் இறங்கும்.

இதைத் தாங்க முடியாத ரிசீவர் மூன்றில் ஒன்றைச் செய்யும். வெந்நீர்ப் பானை போலச் சூடாகும். அல்லது படத்தின் உச்சகட்டத்தில் 'டக்' என்று தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். இது தற்காப்பு ரிலே, திட்ட வேண்டாம். அல்லது, இதுதான் மோசம், ஒலி அலையின் தலையைச் சீவிவிட்டு அனுப்பும். தலை சீவப்பட்ட அலையில் கீச்சு ஒலி தாறுமாறாகக் கூடும். அது நேரே போய் ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளை எரிக்கும். "நூறு வாட் ஸ்பீக்கருக்கு நாற்பது வாட் ஆம்ப்ளிஃபயர்தான் போட்டேன், அப்படியும் எரிந்துவிட்டது" என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பலம் குறைந்த ரிசீவரைக் கடைசிவரை திருகுவது, பலமான ரிசீவரை அளவோடு வைப்பதைவிட ஸ்பீக்கருக்கு ஆபத்து.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்?" அல்ல. "எத்தனை ஓம் வரை தாங்கும்?" பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகிலேயே அச்சடித்திருக்கும். சிலவற்றில் 4 முதல் 16 ஓம், சிலவற்றில் 6 முதல் 16 ஓம். நண்பரின் 4 ஓம் ஜோடிக்கு முதல் வகைதான். இரண்டாவது வகையில் முன் ஸ்பீக்கருக்கு மட்டும் 4 ஓம் அனுமதி என்று கையேட்டின் உள்ளே ஒரு வரி இருந்தாலும் இருக்கும். கடையிலேயே நின்று அந்த வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரும்பாலான ரிசீவர்களின் மெனுவிலோ பின்பக்கத்திலோ '8 ஓம் / 4 ஓம்' என்று ஒரு தேர்வும் இருக்கும். 4-க்குத் திருப்பினால் ரிசீவருக்குப் புது பலம் வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நடப்பது தலைகீழ். உள்ளே வோல்ட்டைக் குறைத்துவிடுகிறார்கள். சூடு குறையும், கூடவே சக்தியும் குறையும். உத்தரவாதக் காலம் முடியும்வரை கையேடு சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, அந்த 165 வாட் எங்கிருந்து வந்தது? 1990-களில் டூ-இன்-ஒன் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. நினைவிருக்கும். தோளில் தூக்கிப் போகும் பெட்டியில் 1000 வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரோ ஒரு குண்டு பல்பு எரிக்கக் காணாது. பி.எம்.பி.ஓ. செத்தது, ஆனால் அதன் வாரிசுகள் வாழ்கின்றன. இன்றைய தொடக்க நிலை ரிசீவர் ஒன்றின் கையேட்டைப் பிரித்தால் ஒரே கருவிக்கு 70 வாட், 100 வாட், 135 வாட் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றும் பொய்யல்ல. 70 என்பது இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் ஓட்டி, அடித்தொண்டையிலிருந்து கீச்சுக் குரல் வரை எல்லாச் சுருதியிலும், ஒலி சிதையாமல் அளந்தது. 135 என்பது ஒரே சேனல், ஒரே சுருதி, 10 சதவீதச் சிதைவு. பத்து சதவீதம் என்றால் என்ன? நூறு பேர் சேர்ந்து பாடும் கோஷ்டியில் பத்துப் பேர் வேறு பாட்டு பாடுகிறார்கள். அந்த எண்ணைத்தான் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கூத்தைக் கட்டுப்படுத்த 1974-லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவந்தது. அதையும் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தார்கள். 2024-ல் விதியை இறுக்கி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்குக் குறைவான சிதைவில் அளந்த எண்ணையே விளம்பரத்தில் முன்னிறுத்த வேண்டும் என்றார்கள். நம் ஊரில் வாங்கும்போதும் இந்த அளவுகோலையே நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ்-20 கிலோ ஹெர்ட்ஸ், 2 சேனல்' என்ற வரிக்கு எதிரில் உள்ள எண் எதுவோ அதுதான் அந்த ரிசீவர். மற்றவை விளம்பரம்.

அந்த வரியும் கிடைக்காவிட்டால் தராசைக் கொண்டுவாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ரிசீவரில் கனமான பொருள் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு அடுத்து வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியப் பட்டைகள். ஏழு, எட்டு கிலோவில் வரும் ரிசீவருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோவில் வரும் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இவைதான். எடை தெரியாமல் வாட் மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் பீப்பாய் போல இரண்டு மின்தேக்கிகள் நிற்கும். அந்த ஒரு நொடி குண்டு வெடிப்புக்கான சேமிப்புக் கிடங்கு அவை. இங்கே கழக்கூட்டத்துக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 1973-ல் கேரள அரசு தொடங்கிய கெல்ட்ரானைக் கட்டி எழுப்பியவர் கே.பி.பி. நம்பியார். அந்தக் குடும்பத்தின் கண்ணூர் ஆலையில் செய்த மின்தேக்கிகள் சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தவர்களுக்கெல்லாம் பழக்கமானவை. அதே நம்பியார்தான் பின்னர் கழக்கூட்டத்தில் வைத்தியன் குன்றில் டெக்னோபார்க் எழ முன்னின்றார். 1990-ல் உருவான டெக்னோபார்க்கை 1995-ல் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று அங்கே மென்பொருள் எழுதும் நண்பருக்கு மின்தேக்கி அந்நியமாக இருக்கலாம். அந்த வளாகத்தின் ஜாதகத்தில் அதுவும் இருக்கிறது.

அநாதையாக நிற்கும் பெட்டி ஸ்பீக்கர்களை என்ன செய்வது? கடிதத்தில் நண்பர் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான். அவர் விரும்பும் பதில் என்னிடம் இல்லை. பெட்டியாக விற்கும் ஹோம் தியேட்டர்களின் ஸ்பீக்கர்கள் அந்தப் பெட்டிக்காகவே செய்யப்பட்டவை. 3 ஓம், 4 ஓம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும், இவருடையது 3. எந்தச் சாதாரண ரிசீவரும் இதை அனுமதிப்பதில்லை. சப்வூஃபர் இன்னும் மோசம். அதற்குள் சொந்த ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ரிசீவரின் பின்னால் 'சப்வூஃபர்' என்று எழுதிய துவாரத்திலிருந்து வருவது சமிக்ஞை மட்டுமே, சக்தி அல்ல. இவருடைய சப்வூஃபரை அதில் மாட்டினால் முனகலும் கேட்காது. மொத்தத்தையும் ஒரு பள்ளிக்கோ, பழைய சாமான்காரரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. வயரை மட்டும்கூட வைத்துக்கொள்ள வேண்டாம், அதுவும் நூலாகத்தான் இருக்கும்.

தகடு இல்லாத ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சாதாரண மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். வயரைக் கழற்றிவிட்டு இரு முனைகளிலும் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை காட்டும். மீட்டர் நகரவே இல்லை என்றால் ரிசீவர் வாங்குவதற்கு முன் வேறு செலவு காத்திருக்கிறது.

மாமா கொண்டுவந்த பழைய ஜோடியில் இன்னொரு சோதனையும் தேவை. முன்பக்கத் துணியைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நிம்மதி. ஸ்பஞ்சாக இருந்தால் கேரளத்துப் புழுக்கத்தில் பதினைந்து, இருபது வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். விளிம்பு மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ரிச்சி தெருவுக்கு அனுப்பியாவது மாற்றலாம். பழுது பார்த்த பிறகு ரிசீவருக்குப் போங்கள். உதிர்ந்த விளிம்போடு புது ரிசீவரில் மாட்டிவிட்டு "ரிசீவர் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஆக, ரூ.60,000-ஐ எப்படிப் பிரிப்பது? என் யோசனை கடைக்காரருக்குப் பிடிக்காது. ஒன்பது சேனல், பதினொரு சேனல் பக்கம் போகவே வேண்டாம். 4 ஓம் தாங்கும், ஐந்து அல்லது ஏழு சேனல் ரிசீவர் ஒன்று. கையேட்டு வரியில் 70, 80 வாட் இருந்தாலே தாராளம். பணத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இதற்கு ஒதுக்கலாம். மீதியில் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள ஒரு சப்வூஃபர். இது சத்தத்துக்காக மட்டுமல்ல. ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொண்டையை முழுவதும் சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டால், ரிசீவரின் சுமையில் பெரும்பங்கு இறங்கிவிடும். இடுப்புயர ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று அழைக்க மாமாவுக்கு மனசு வராது. அது பட்டமல்ல, வேலைப் பங்கீடு.

நடு ஸ்பீக்கர் இப்போதைக்கு இல்லை என்றால் இல்லாமலே இருக்கட்டும். மெனுவில் 'சென்டர் - இல்லை' என்று சொல்லிவிட்டால் வசனத்தை ரிசீவர் இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு வசனம் திரையிலிருந்தே வருவது போலிருக்கும். ஓரத்தில் உட்காரும் விருந்தினர் கொஞ்சம் இழப்பார். பொருந்தாத குட்டி ஸ்பீக்கரை நடுவில் வைத்து, கதாநாயகன் திரையின் நடுவுக்கு வந்ததும் குரல் தகர டப்பாவாக மாறுவதைவிட இது எவ்வளவோ மேல். பணம் சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல நடு ஸ்பீக்கர், 6 அல்லது 8 ஓமில். நம் படங்களில் பாட்டு காதைக் கிழிக்கும், வசனம் கேட்காது என்று சொல்லும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். பின் ஸ்பீக்கர்கள் கடைசியில்.

ரிசீவர், ஸ்பீக்கர் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட சாஸ்திரம். தேவையே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்: 'ப்ரீ-அவுட்' என்ற துவாரங்கள், குறைந்தது முன் இரண்டு சேனலுக்காவது. பிற்காலத்தில் பெரிய வீட்டுக்குப் போய், இந்த 4 ஓம் ஜோடிக்கு இன்னும் பலம் வேண்டும் என்று தோன்றினால், ரிசீவரைத் தூக்கி எறியாமல் தனி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அதில் சேர்த்துவிடலாம். விலை குறைந்த ரிசீவர்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான். டி.வி.யோடு ஒரே வயரில் பேச எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் 'ஈ-ஆர்க்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், டி.வி.யிலும் இருந்தால்தான் முழுப் பயன்.

டெக்னோபார்க் ஆசாமிகளுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. ஆன்சைட் போய் வருகிறவர்களிடம் அமெரிக்காவிலிருந்து ரிசீவர் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் புகை. இறக்குமுக டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் அது இன்னொரு ஐந்து கிலோ, ஓயாத ரீங்காரம், இங்கே உத்தரவாதமும் கிடையாது. விலையில் மிச்சம் பிடித்தது இதிலேயே கரையும்.

வாங்கி வந்த பிறகு தேக்கு மர ஷோகேஸுக்குள் அடைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தாதீர்கள். 4 ஓம் ஸ்பீக்கரோடு ஓடும் ரிசீவருக்கு மேலே ஒரு சாண் இடைவெளியாவது காற்று வேண்டும். அதன் தலையில் செட்-டாப் பாக்ஸையும் ஏற்றக் கூடாது. வயருக்குக் கடைக்காரர் மீட்டர் ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் காட்டுவார். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். பத்து மீட்டர் ஓடினாலும் அதன் தடை போக வர சேர்த்து 0.15 ஓமைத் தாண்டாது.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். அதைச் சோபாவில் காது உயரத்தில் வைத்தால் ரிசீவர் தானே ஒலி எழுப்பி அறையை அளந்துகொள்ளும். அப்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். விசிறிச் சத்தத்தையும் சேர்த்து அளந்துவிட்டுத் தப்பாகத் திருத்தும். இந்த அளவை எத்தனை சாமர்த்தியமானாலும், வழுவழு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலின் எதிரொலியை அதனால் விழுங்க முடியாது. தடித்த திரைச்சீலை, தரையில் கம்பளம், ஒரு புத்தக அலமாரி: இவை செய்வதை லட்ச ரூபாய் ரிசீவரும் செய்யாது.

நான்காவது மாடி என்கிறார். கீழ் வீட்டுக்காரரும் மனிதர்தான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணியிலிருந்து. ரிசீவரில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். குண்டைத் தணித்து வசனத்தைத் தூக்கிவிடும். பத்து மணிக்கு மேல் அதைப் போட்டால் சப்வூஃபரின் அதிர்வு கீழ் வீட்டுக் கூரைக்கு இறங்குவது குறையும்.

கேரளத்தில் ரிசீவருக்கு வரும் பெரிய எமன் வாட்டும் அல்ல, ஓமும் அல்ல. இடி. ஏப்ரல், மே மாத மாலைகளிலும் துலாவர்ஷம் அடிக்கும் அக்டோபர், நவம்பரிலும் வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கேபிள் வயரையும் நெட் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். எச்.டி.எம்.ஐ. பலகையை எரிக்கும் மின்னல் பல நேரங்களில் அந்த வழியாகத்தான் வருகிறது. அலுவலகத்தில் இருக்கும்போது இடித்தால்? காலையில் கிளம்பும்போதே பிடுங்கிவிட்டுப் போவது கழக்கூட்டத்தில் நல்ல பழக்கம்.

பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு விசாரணை. பழுதானால் எங்கே பார்ப்பார்கள்? திருவனந்தபுரத்திலேயா, கொச்சியிலா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது? பெரிய பெயர் என்று மட்டும் நம்ப முடியாது. ஜப்பானின் ஆங்கியோ எத்தனை பெரிய பெயர்! அதன் வீட்டு ஒலிக்கருவி நிறுவனம் 2022-ல் திவால் மனு கொடுத்தது. பெயர் வேறு கைக்குப் போய்த் தொடர்கிறது. பதிலை வாய்ப்பேச்சாக வாங்காமல் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். ரிசீவர் வந்த அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டு வையுங்கள். பத்துக் கிலோவை வேறு எதில் வைத்து அனுப்பினாலும் போகும் வழியிலேயே இன்னொரு பழுது சேர்ந்துவிடும்.